ஐந்தரை மணிப் பேருந்து

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம். விடாத தூறல். குடை பிடிக்கவும் கூச்சமாக இருக்கும், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அந்த மாதிரித் தூறல். பெங்களூர் மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில், கோலார் தங்கவயலிலிருந்து வரும் பாசஞ்சர் வண்டிக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் முனீர். அல்சூரில் என் தெருவுக்கு அடுத்த தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோகிராபர். கேமராவைத் தன் ஜாக்கெட்டுக்குள் குழந்தையைப் போல மூடி வைத்திருந்தார்.

வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்குவாள், அவள் இறங்கும்போது ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

புதிய வளாகங்களில் பயண ஒருங்கிணைப்பாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். அட்டவணை போடுவதையும் கணக்கெடுப்பு நடத்துவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 

பேருந்துத் துறையில் முப்பத்தொரு வருடம் வழித்தடத் திட்டமிடல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுகோடியில் இருந்த ஒரு பெரிய தொழிற்பயிற்சிக் கல்லூரி, பீன்யாவைத் தாண்டிப் புது இடத்துக்கு மாறியபோது என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். வண்டி நிறுத்த முந்நூறு பேருக்குத்தான் இடம். எல்லோரும் பைக்கில் வந்தால் நெடுஞ்சாலையே அடைத்துக்கொள்ளும். அவர்களை மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் மாற்றுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மெட்ரோவின் கடைசி ஸ்டேஷனுக்கும் கல்லூரிக்கும் இடையே நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டருக்குக் கல்லூரிப் பேருந்துகளை ஓடவிட்டேன். 'என் பைக் வீட்டிலேயே' என்று ஓர் உறுதிமொழி வைத்தேன். கை தூக்கியவர்களுக்குக் கேன்டீனில் மாதம் முந்நூறு ரூபாய்க்கு இலவசச் சாப்பாட்டுக் கூப்பன். நுழைவாயிலில் ஆள் போட்டுத் தினமும் காலையில் எண்ணினேன். ஜூன் மாதம் அறுநூற்றுச் சொச்சம் பைக்குகள் வந்த இடத்தில், ஆகஸ்டில் நூற்றெண்பதுதான் வந்தன. நானே நம்பாமல் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். நூற்றெண்பதுதான்.

அதற்கு ஒரு முகம் வேண்டும் என்றார் டைரக்டர். அந்த முகம்தான் ரோசலின். தங்கவயல் பெண். குளிர்சாதனப் பிரிவில் முதல் வருடம். அதிகாலை பாசஞ்சர் பிடித்து, மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, கடைசி ஸ்டேஷனில் கல்லூரிப் பேருந்து ஏறி, தினமும் ஒன்பதேகாலுக்கு வகுப்பில் இருப்பாள். வருகைப் பதிவில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. 'நூறு கிலோமீட்டர், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை' என்று அவள் படத்தோடு ஆறு பேனர் அடித்தேன். அன்று பதினொரு மணிக்குக் கல்லூரியில் விழா. பசுமை வளாக விருதுக்காக வெளியிலிருந்து மூன்று பேர் பார்வையிட வருகிறார்கள். ரோசலின் மேடையில் பேசுவாள். அதற்கு முன் திரையில் காட்ட, ரயிலிலிருந்து அவள் இறங்கும் படம் ஒன்று வேண்டும். அவளிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. இயல்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வண்டி வந்தது. கூட்டம் இறங்கியது. பூக்கூடைக்காரர்கள், டிபன் கேரியர் தூக்கிய ஆட்கள், காலேஜ் பிள்ளைகள். பெண்கள் பெட்டி காலியாகும்வரை பார்த்தோம். ரோசலின் இல்லை.

"இன்னிக்கு லீவு போட்டுட்டாளோ என்னவோ" என்றேன்.

"அரே சார், நீங்க சொன்ன பொண்ணு தலையில ரெண்டு ஜடை, நீலப் பை, அதானே?" என்றார் முனீர். "நம்ம பின்னாடி வருது பாருங்க."

திரும்பினேன். பெண்கள் காத்திருப்பு அறையிலிருந்து ரோசலின் வந்துகொண்டிருந்தாள். முகம் கழுவிய ஈரம் இன்னும் கன்னத்தில் இருந்தது. ஒரு கையில் பல்துலக்கும் பிரஷ். மறு கையில் மடித்த போர்வை. என்னைப் பார்த்ததும் போர்வையை முதுகுப் பக்கம் மறைத்தாள். மறைக்க முடியாத அளவு பெரிய போர்வை அது.

முனீர் கேமராவை வெளியே எடுக்கவில்லை. இதற்காக அவரை நான் என்றும் மறக்கமாட்டேன்.

"இன்னா சார், நீங்க இங்க?" என்றாள்.

 "வண்டி இப்பதானேம்மா வந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நேத்து போவல சார்" என்றாள். "வாரத்துல மூணு நாள், நாலு நாள் இங்கதான். சீசன் டிக்கெட்டு கீதே, காட்டுனா உள்ள விட்ருவாங்க. அறையப் பாத்துக்கிற அம்மா நல்லவங்க."

"ஏன்?"

"பஸ் போயிடுது சார்."

"எந்த பஸ்?"

"உங்க பஸ்."

நான் போட்ட மாலைப் பேருந்து கல்லூரி வாசலிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பும். அட்டவணைப்படி வகுப்பு ஐந்தேகாலுக்கு முடியும். பதினைந்து நிமிட இடைவெளி தாராளம் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பட்டறையில் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் துடைத்து, எண்ணி, ஒப்படைத்தால்தான் வெளியே விடுவார்கள். ஸ்பேனர் ஒன்று குறைந்தாலும் பேட்ச் முழுக்க நிற்க வேண்டும். அது முடிய ஐந்து நாற்பது ஆகிவிடும். பேருந்து போன பிறகு நான்கு கிலோமீட்டர் நடந்து, மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக் வருவதற்குள் தங்கவயல் வண்டி ஏழு ஐந்துக்குக் கிளம்பியிருக்கும். அடுத்த வண்டி பங்காருப்பேட்டையோடு நின்றுவிடும். அங்கிருந்து அந்த நேரத்தில் ஒரு பெண் தனியாகப் போக வழியில்லை.

"ஆட்டோ?"

"மொத மாசம் போனேன் சார். நூத்தம்பது கேக்குறாங்க. நாலு பேரு சேந்தா பரவால்ல. எல்லாரும் ஒரே நேரத்துக்கா வெளிய வராங்க?"

"வீட்டுல தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் முகம் மாறியது. "அடுகோடில பிரெண்டு ரூம்ல தங்குறேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கீறேன். சார், நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஸ்டேஷன்ல தூங்குறேன்னு தெரிஞ்சா இன்னிக்கே வந்து கூட்டினு போயிடுவாரு. எங்க வீட்டுல படிக்கிறது நான் ஒருத்திதான் சார். இந்த சீட்டு போச்சுன்னா போனதுதான்."

மேடையில் இன்று என்ன பேசுவதாக இருந்தாய் என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததத்தான்" என்றாள்.

மெஜஸ்டிக்கிலிருந்து கடைசி ஸ்டேஷன்வரை மெட்ரோவில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை. அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். முனீர் என் பக்கத்தில் நின்றார்.

"சார், டைரக்டர்கிட்ட சொல்லிடுங்களேன்" என்றார்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டைரக்டர் நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்பதாலேயே பதறிப்போய் முதல் வேலையாகப் பெற்றோருக்குப் போன் செய்வார். சொல்லாமல் விட்டால், பதினொரு மணிக்கு அந்தப் பெண் மூன்று விருந்தினர் முன்னால் நின்று என் பொய்யைத் தன் வாயால் சொல்வாள். இரவு மறுபடி காத்திருப்பு அறைக்குப் போவாள். விழாவைத் தள்ளிப்போடச் சொன்னால் காரணம் கேட்பார்கள். பீன்யா தாண்டும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. இவள் ஒருத்தியின் கதையாக இருக்கும்வரை இது ரகசியம். எல்லோருடைய கதையாக ஆகிவிட்டால் இவளைத் தனியாக யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் எல்லோருடைய கதையா என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் எண்ணியவனுக்குத் தெரியவில்லை. காலையில் உள்ளே வந்தவர்களை ஒரு நாள் விடாமல் எண்ணியிருக்கிறேன். மாலையில் வெளியே போனவர்களை ஒரு நாள்கூட எண்ணவில்லை. 'கல்லூரிக்கு எப்படி வருகிறீர்கள்?' என்று இருபத்திரண்டு கேள்வி கேட்ட என் கணக்கெடுப்பில், 'வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள்?' என்ற ஒரு கேள்வி இல்லை.

பதினொரு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. உறுதிமொழி எடுத்த மாணவர்களில் ஒரு பகுதியினரை முன்வரிசைகளில் உட்கார வைத்திருந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். டைரக்டர் வரவேற்றுப் பேசினார். அடுத்து ரோசலின் என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தது. நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"ரோசலினுக்குத் தொண்டை சரியில்லை" என்றேன். அன்று நான் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான். "அதற்குப் பதிலாக உங்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி. நேற்று மாலை ஐந்தரை மணிக் கல்லூரிப் பேருந்தில் ஏறிப் போனவர்கள் கை தூக்குங்கள்."

கைகள் எழுந்தன. எண்ணினேன். ஒன்பது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். ஒன்பது. மூன்றாம் முறை எண்ணும்போது விருந்தினர்களும் என்னோடு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

 மாலைப் பேருந்து தினமும் நிறைந்து போகிறது என்று டிரைவர் நஞ்சுண்டப்பா வாரா வாரம் சொல்வார். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். நிறைந்துதான் போயிருக்கிறது. ஐந்தேகாலுக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பும் ஊழியர்களால். நானும் பலநாள் அதில் போயிருக்கிறேன். சுற்றிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

நான்காவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், பஸ்ஸைப் பின்னாடி இருந்து பார்த்தவங்க கை தூக்கலாமா?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரித்தபடியே தூக்கினார்கள். அத்தனை கைகளை நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது அதுதான் முதல் முறை.

"டூல்ஸ் யார் சார் குடுக்கறது? எங்க பேட்ச்ல போன வாரம் ஒரு டெஸ்டர் காணோம்னு ஆறரை வரைக்கும் நின்னோம். அப்புறம் பார்த்தா இன்ஸ்ட்ரக்டர் பாக்கெட்லயே இருக்கு!" என்றான் பின்னால் இருந்த இன்னொருவன்.

மறுபடி சிரிப்பு. அதற்குள் ஒரு பெண் எழுந்து, சிரிக்காமல், "எங்க பேட்ச்ல ரெண்டு பேர் காலேஜ விட்டே நின்னுட்டாங்க சார். வீட்டுக்குப் போக ராத்திரி பத்து மணி ஆவுதுன்னு" என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

டைரக்டர் என் பக்கம் குனிந்தார். "ஏன் சார் இது? இது ப்ரோக்ராம்ல இல்லவே இல்ல." குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் இருந்தது.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும் மேடம்."

"பஸ் டைம் மாத்தணும்னா ஒர்க் ஆர்டர் மாத்தணும். கமிட்டி ஒப்புக்கணும். ஸ்டாஃப் ஒப்புக்கணும். ஒரு திங்கள் ஆகத்தே சார். இவ்வளவு பேர் முன்னாடி என்ன சொல்றது?"

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தால் ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்தது. மைக்கில் சொன்னேன்: "இன்று மாலை ஐந்து நாற்பத்தைந்துக்கு இன்னொரு பேருந்து வாசலில் நிற்கும். கருவிகளை ஒப்படைத்துவிட்டு வாருங்கள். நாளைக்கும் நிற்கும்."

விருந்தினர்களில் ஒருவர் கைதட்டினார். மற்ற இருவரும் தட்டவில்லை. விருது வேறு கல்லூரிக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கீழே இறங்கியதும் பேருந்துக் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன்.

"எக்ஸ்ட்ரா ட்ரிப்பா? ஆயிரத்தெட்நூறு ஆகத்தே சார். பில் யாருக்கு?"

"எனக்கு."

"காலேஜுக்கா?"

"எனக்குன்னு சொன்னேன்."

 "ஏனு சார், லாட்டரி விழுந்துதா?" என்றார்.

ஐந்து நாற்பதுக்கு வாசலில் நின்றேன். தூறல் இன்னும் விடவில்லை. பட்டறைப் பக்கமிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வழக்கமாக ஓடி வந்து ஏமாறும் பழக்கத்திலேயே ஓடினார்கள். பேருந்து நிற்பதைப் பார்த்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ரோசலின் கடைசியாக வந்தாள். கையில் நீலப் பை மட்டும்.

"போர்வை?" என்றேன், மெதுவாக.

"காலைல அந்த அம்மாகிட்ட வெச்சேன் சார், இனி அங்கயே கெடக்கட்டும். யாருக்காவது ஆவும்." படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள். "சார், பேனர்ல இருந்து என் போட்டோவ எடுத்துடுங்க. பசங்க 'ஒரு சொட்டு பெட்ரோல்'னு கூப்புடுறானுங்க."

மறுநாளே எடுத்தேன்.

நின்றுபோனவர்களைத் தேடினேன். அரங்கத்தில் சொன்ன இரண்டு பேர் மட்டுமில்லை, மூன்று பேர். ஒரு பெண் பீன்யாவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திரும்பி வரமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்தாள். இன்னொரு பெண், மறுசேர்க்கைக் கட்டணம் கட்டினால் வருவதாகச் சொன்னாள். மூன்றாவது ஆனேக்கல் பையன் சுரேஷ். அவனை நேரில் போய்ப் பார்த்தேன். மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"நீங்க கை தூக்கச் சொன்னீங்க சார். தூக்கினேன். வண்டி சும்மா நிக்குதேன்னு வித்துட்டேன். இருபத்தாறாயிரம். அக்கா கல்யாணத்துக்குப் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, மார்க்கெட்ல இருந்து எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கேன்னு. ரெண்டு மாசம் பாத்தேன். முடியல."

"இப்ப ஐந்தே முக்காலுக்குப் பஸ் இருக்கே."

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்பவும் அந்த ஆறரை பஸ் கிடைக்காது சார். பத்து நிமிஷம் இடிக்குது. வண்டி இருந்தா மட்டும்தான்."

நானும் அவனோடு எண்ணிப் பார்த்தேன். பதினொரு நிமிடம் இடித்தது.

அந்தப் பதினொரு நிமிடத்தை நீங்கள் ஒருநாளும் மறக்கக்கூடாது. சிலருக்குப் பைக்தான் வழி. அந்தச் சிலர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றவர்களைக் கை தூக்கச் சொல்ல வேண்டும். நிறுத்துமிடத்தில் இருக்கும் முந்நூறு இடங்களும் அவர்களுக்கு உரியவை. நான் எல்லோரையும் தூக்கச் சொன்னேன். தூக்கியவர்களில் நல்ல பிள்ளைகள்தான் முதலில் அடிபட்டார்கள், ஏனென்றால் அவர்கள்தான் சொன்னபடி செய்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அடுகோடியில் பழைய பைக் விற்கும் ஒரு கடையில் சுரேஷோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாகப் பெட்ரோல் வண்டி வேண்டாம் வேண்டாம் என்று பிரசங்கம் செய்தவன், ஒரு பெட்ரோல் வண்டியின் டயரைக் குனிந்து அழுத்திப் பார்த்தேன். கடைக்காரர் என் பேன்ட்டில் பட்ட கிரீஸைத் துடைக்கத் துணி கொடுத்தார். "பேரனுக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கமிட்டி ஒப்புதல் வர இருபத்திரண்டு வேலைநாள் ஆனது. அதன் பிறகு மாணவர் பேருந்து ஐந்து ஐம்பதுக்கு மாறியது. ஊழியர்கள் இன்றுவரை என்னைத் திட்டுகிறார்கள். பில்களைக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார் டைரக்டர். பசுமை நிதியில் பைக் வாங்கியதாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்கவும் மனமில்லை. எதையும் கொடுக்கவில்லை.

இருபத்திரண்டு மாலைப் பேருந்துக்கு முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. இரண்டு பேரின் மறுசேர்க்கைக்குப் பத்தாயிரம். புது பேனர்களுக்கு நாலாயிரத்து இருநூறு. எடுக்காத படத்துக்கு முனீர் பணம் வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. சுரேஷின் பைக் முப்பத்து நாலாயிரம். மொத்தம் தொண்ணூறாயிரத்து முந்நூறு ரூபாய்.